முதல் வலைப் பங்கு

கொரோனாக் காய்ச்சல் என்னை விட்டுப் போகும்போது என் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் கொஞ்ச நாளில் வாசம் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். நாக்குக்கு உப்பு, புளிப்பு, காரம், தித்திப்பு தெரியும். அதற்கு மேல் கேட்டால் கையை விரித்துவிடும். ஆரம்பத்தில் அழுதேன். டாக்டரிடம் ஓடினேன். ஓமத்தைத் துணியில் கட்டி இழுத்து இழுத்து முகர்ந்தேன். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அந்த வருஷத்திலிருந்து எனக்கு வேறு எதிலும்கூட பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. நல்லது நடந்தால் சரி, கெட்டது நடந்தாலும் சரி. சொந்தத்தில் சாவு விழுந்தால் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன், கல்யாணம் என்றாலும் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். "மூக்கோட சேத்து மனசையும் தூக்கிட்டுப் போயிருச்சாட்டம் இருக்குது" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படியே இருக்கட்டும் என்று நானும் வாயை மூடிக்கொள்வேன்.

ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கன்வாடியில் டீச்சர் வேலை எனக்கு. பிள்ளைகளுக்கு ஆக்கும் சாப்பாட்டில் முதல் வாய் எங்கள் ஆயாவுக்குத்தான். அந்தம்மா தலையாட்டினால்தான் தட்டு போடுவேன். வீட்டு வாசலில் நின்றால் எதிரே ஏரி. அந்த ஏரியில் மீன் விடும் குத்தகையை என் வீட்டுக்காரர் எடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பல வருஷம் லாரி ஓட்டி, இடுப்பு போய், ஊரோடு வந்துவிட்டவர் அவர். ஊர்க்கூட்டத்தில் அவர் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவருடைய அண்ணன் ஏரிக்கு மேல்புறம் தக்காளி போடுகிறவர். அவர் தொண்டையைச் செருமினாலே கூட்டம் அடங்கிவிடும். இவர் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் போனை எடுத்துப் பார்ப்பார். இவ்வளவு நாளும் மேட்டூர்ப் பக்கத்து ஆட்கள்தான் எங்கள் ஏரியைக் குத்தகை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முறை குத்தகை பேசக் கோயில் மைதானத்தில் கூட்டம் நடந்தபோது இவர் எழுந்து நின்றார்.

"ஊரு ஏரிங்க. ஊருக்காரன் கையிலயே இருக்கட்டும். மொத வலை மீனைத் தின்னு பாருங்க. நல்லா இல்லன்னா, அப்பறம் இந்தக் கூட்டத்துல நான் வாயே தெறக்கல" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குத்தகைக்காரர் முதல் வலை போடும் நாளில் ஊரில் எந்த வீட்டையும் விடாமல் மீன் கொடுக்கவேண்டும். வெளியூர்க்காரர்கள் நல்ல மீனைத் தொட்டியில் ஒதுக்கிவிட்டுப் பொடி மீனைத் தள்ளிவிட்டதால் ஊர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. வலையிலிருந்து நேரே கூடை, கூடையிலிருந்து நேரே வாசல். நடுவில் எங்கேயும் இறக்கி வைக்கக் கூடாது, மீன் துள்ளத் துள்ள வந்து சேரவேண்டும். அந்த மீனை ஊர் தின்றுவிட்டு "நல்லாருக்குது" என்று சொல்லவேண்டும். என் வீட்டுக்காரருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். லாபம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்றுகூடச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், பொய் இல்லை.

மீன் வளர்ப்பை அவர் போன் பார்த்தும் ஆட்களிடம் கேட்டும் கற்றுக்கொண்டார். முதலில் ஏரியில் இருந்த விராலையும் கெளுத்தியையும் குஞ்சைத் தின்றுவிடும் என்று வலை போட்டு வழித்தார். அப்புறம் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டார். கோழிப் பண்ணையிலிருந்து எரு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மூட்டைகளை மூங்கிலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். எரு கரையக் கரையத் தண்ணீர் பச்சை கட்டும். அந்தப் பச்சைதான் மீனுக்குச் சாப்பாடு.

பச்சை போதுமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. கையை முழங்கை வரைக்கும் தண்ணீரில் விடவேண்டும். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் இன்னும் எரு போடலாம், மங்கலாகத் தெரிந்தால் போதும் நிறுத்து. தினமும் காலையில் அவர் குனிந்து கையை விட்டுப் பார்ப்பார். ஐப்பசியில் உள்ளங்கை மங்கலானது. கார்த்திகையில் மணிக்கட்டு முங்குவதற்குள் விரல் காணாமல் போனது. அவருக்கு ஒரே பெருமை.

"பாரு, பாயசமாட்டம் இருக்குது தண்ணி. எந்தக் குத்தகைக்காரன் இப்பிடி வெச்சிருந்தான்?"

"நிறுத்தச் சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"கொஞ்சம் கூட இருந்தா மீனு கொழுக்கும்டி. சோறு கூட இருந்தா எந்தப் புள்ளையாவது எளைக்குமா?"

எரு மட்டும் காரணமில்லை. அண்ணன் தக்காளிக்குச் சொட்டு நீர்க் குழாயிலேயே உரம் கரைத்துவிடுகிறவர். நட்டதிலிருந்து கடைசிப் பறிப்பு வரை செடி ஒரு வேளை பட்டினி கிடக்காது. அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் மேல்காட்டு உரம் ஓடையில் இறங்கி நேரே ஏரிக்கு வந்தது. ஓடை வந்து விழும் மூலையில் பச்சை ஏடு ஏடாகத் திரண்டு மிதந்தது. துணி துவைக்கப் போகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாடு தண்ணீரில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிற்று. மூக்கு போனதிலிருந்து நான் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் வாசம் தெரிந்துகொள்கிறேன். அப்போது எல்லா முகமும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தது.

"உங்களுக்கு என்னங்க டீச்சர், குடுத்து வெச்சவங்க. ஏரிக்கு எதுத்தாப்புல இருந்துகிட்டு நிம்மதியா தூங்கறீங்க" என்று ஆயா கிண்டல் செய்தார்.

மாசியில் ஒரு விடிகாலை. ஏரிக் கரையில் ஆட்கள் கூடி நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது. போய்ப் பார்த்தால் ஏரி முழுக்க மீன் வாய். தலையை மேலே நீட்டி வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. ஊருக்கு ஒரே சந்தோஷம். "அடேயப்பா, இம்மாம் மீனா!" என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொன்னார்கள். யாரோ கோயில் பொரியைக் கொண்டுவந்து வீசினார்கள். என் வீட்டுக்காரர் பசி என்றே நினைத்துவிட்டார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்து வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டினார். மீன் அதைத் தொடவே இல்லை.

மறுநாள் கரையோரமெல்லாம் வெள்ளை வயிறு. பெரிய மீன்கள்தான் முதலில் செத்திருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அங்கன்வாடிக்கு நேரமாகிறதே என்று மட்டும் தோன்றியது.

மீன் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தார். சின்ன வயசுதான். அண்ணன் தம்பி இருவரையும் கரையில் நிற்க வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "அது பசியில்லைங்க, மூச்சுத் திணறல். இந்தப் பச்சை பகல்ல வெயில் இருக்கற வரைக்கும் தண்ணிக்குக் காத்து குடுக்கும். ராத்திரி ஆனா அதுவே காத்தை இழுத்துக்கும். பச்சை இவ்வளவு ஏறிட்டா விடியறப்போ மீனுக்குக் காத்தே மிஞ்சாது. அதுல போட்ட தீனியும் அழுகி இன்னும் கெடுக்கும்."

"இவன் கொட்டுன கோழிப்பீதாங்க" என்றார் அண்ணன்.

"உங்க தக்காளி உரம் எங்க போவுதாம்? பெங்களூருக்கா போவுது?" என்றார் இவர்.

"ரெண்டும்தாங்க" என்றார் அந்தப் பெண். இருவருக்கும் அது பிடிக்கவில்லை. அவர் போன பிறகும் கரையிலேயே நின்று ஒருவரை ஒருவர் கத்திக்கொண்டார்கள். கடைசியில் இவர் எருவை நிறுத்தினார். தொங்கிய மூட்டைகளை அறுத்துக் கரையில் போட்டார். விடிகிற நேரத்தில் காற்று கலக்கட்டும் என்று இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்து ஏரிக்கே திரும்பப் பீய்ச்சினார். அண்ணன் உரத்தை நிறுத்தவில்லை. காய்ப்பு நேரத்தில் எந்த மடையன் உரத்தை நிறுத்துவான் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் மிச்ச மீன் பிழைத்தால் பழனிக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டபின் கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. லாரி ஓட்டிய வாய்க்குக் கடைசியது ரொம்பக் கஷ்டம். ஊரில் எல்லாரும் அவரைச் சாமி என்று கூப்பிட்டார்கள். வயசில் மூத்தவர்கள்கூட "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டார்கள். அவர் நடையே மாறிவிட்டது.

மீன் பிழைத்தது. பங்குனி பிறந்ததும் அந்த ஆபீஸ் பெண் மறுபடி வந்து பார்த்தார். ஒரு கட்லாவைப் பிடித்துச் செவுளை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சதையில சேத்து வாசம் ஏறியிருக்குங்க. இந்தப் பாசியால வர்றது. பயப்பட ஒண்ணுமில்ல. புடிச்ச மீனைக் கிணத்துத் தண்ணித் தொட்டியில கொஞ்ச நாள் தீனி போடாம விட்டு வைங்க. வாசம் தன்னால இறங்கிடும்."

"விக்கற மீனை வேணா விடறேங்க. மொத வலையைத் தொட்டியில விட்டா, மீனை மாத்திட்டான்னு சொல்லுவாங்க" என்றார் இவர்.

"ஊர்ல எடுத்துச் சொல்லிப் பாருங்களேன்."

"அதைச் சொன்னா, வெளியூர்க்காரனும் இதைத்தானே சொன்னான்னு கேப்பாங்க. நேரே வாசலுக்குப் போவணும். அதுதான் வழக்கம்."

நானும் சொன்னேன். "மூக்கில்லாதவ சொல்ல வந்துட்டா பாரு" என்றார். மாலை போட்டிருந்ததால் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் விட்டுவிட்டேன்.

முதல் வலை அன்று ஊரே கரையில் இருந்தது. மாலை போட்டவர் மீனைத் தொடக் கூடாது என்று அவர் தள்ளி நின்றார். ஆட்கள் வலையை இழுத்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்தது நான்தான். மீன் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, கனமாக, பளபளவென்று, என் கையிலிருந்து நழுவித் துள்ளியது. எல்லா வீட்டிலும் மரியாதையாக வாங்கினார்கள். "இருங்க டீச்சர், காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். பாத்திரத்தில் மீனை வாங்கும்போது சிலர் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். அண்ணன் வீட்டில் என் ஓரகத்தி வாங்கிய கையோடு பாத்திரத்தைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவர் வெறும் காலோடு ஊரைச் சுற்றி வந்தார். ஒரு வாசல் விடவில்லை. திரும்பி வந்தபோது அவரைப் பார்க்கப் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"அத்தனை வூட்டுலயும் சொல்றாங்க. 'நல்லாருந்துச்சுங்க சாமி, சதை வெண்ணெயாட்டம்'னு சொல்றாங்க. எங்கண்ணன் பொண்டாட்டி இருக்கறாளே, அவளே 'ரெண்டு வேளைக்கும் அதேதான் சாமி'ன்னுட்டா!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் தனக்கு முன்வரிசையில் இடம் விடுவார்கள் என்றார். மீதி மீனைப் பழனி போய்வந்ததும் பிடித்துத் தொட்டியில் விட்டு விற்கலாம் என்றார். நான் சரி என்றேன்.

அடுத்த நாள் அங்கன்வாடிக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டுப் பக்கம் போனேன். காக்காயும் நாயும் மொய்த்துக் கிடந்தன. கிட்டே போய்ப் பார்த்தேன். முழு முழு மீன். செதில்கூட எடுக்கவில்லை. சிலது குழம்பிலிருந்து எடுத்துப் போட்ட துண்டுகள், மஞ்சளும் மிளகாயும் அப்படியே ஒட்டியிருந்தது. எவ்வளவு வீட்டு மீன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரொம்ப இருந்தது.

உள்ளே வந்து ஆயாவிடம் கேட்டேன். "நீங்க குழம்பு வெச்சீங்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

ஆயா கரண்டியைக் கீழே வைத்தார். "வெச்சேங்க டீச்சர். கொதிக்கறப்பவே வூடு பூரா ஏரி நாத்தம். எம்மவன் ஒரு வாய் வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். வாயில வெக்க முடியலைங்க."

"அவர் வந்து கேட்டாரே. அப்ப ஏன் சொல்லலை?"

"மாலை போட்ட சாமி வாசல்ல வந்து நின்னு கேக்கறாரு. அவருகிட்ட எப்பிடிங்க நாறுதுன்னு சொல்றது? பாவம் இல்லியா? எல்லாரும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க."

அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். பார்த்ததைச் சொன்னேன், ஆயா சொன்னதையும் சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "தலையையும் கொடலையும் போட்டிருப்பாங்க. ஆயாவுக்கு எப்பவும் கொறை சொல்ற வாயி. ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது. நீ ஒருத்தி, வாசம் தெரியாதவ, நாறுதுன்னு சொல்ற. கேட்டா சிரிப்பாங்க." நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். சண்டை போடுகிற அளவுக்கு எனக்குள் எதுவும் மிச்சமில்லை.

அவர் வேனில் மற்ற சாமிகளோடு பழனிக்குக் கிளம்பினார். தொப்பூர் தாண்டும்போது போன் செய்து ஏரியில் இன்ஜின் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.

பஞ்சாமிர்தமும் மொட்டைத் தலையுமாக வந்து சேர்ந்தார். ஊர்க் கோயிலில் மாலையைக் கழற்றினார். அன்று காலையே ஏரியிலிருந்து ஒரு கட்லாவைப் பிடித்துவரச் சொல்லியிருந்தார்.

"கோழி அடிக்கிறேங்க. மீனு இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஊரெல்லாம் தின்னுட்டாங்க. வளத்தவன் நான் ஒருத்தன்தான் இன்னும் தின்னல. போ, கொழம்பு வையி."

வைத்தேன். ஆயாவும் பக்கத்தில் இல்லை, ருசி பார்க்க யாரும் இல்லை. கை அளவில் உப்பும் புளியும் போட்டு வைத்தேன். கொதிக்கும்போது அவர் வாசலில் யாரோடோ பழனிக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் வந்து உட்கார்ந்தார். சோறு போட்டு நடுத்துண்டாக எடுத்து வைத்தேன்.

ஒரு வாய் வைத்தார். தாடை நின்றுவிட்டது. துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார், தண்ணீர் குடித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது.

"அத்தனை வூட்டுக்கும் போனேனே" என்றார். "நானேதான போயிக் கேட்டேன்."

காலியான டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

"சிரிச்சிருப்பாங்க இல்ல, நான் திரும்புனதும்."

"சிரிக்கலைங்க. பாவப்பட்டிருக்காங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசம் என்று தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். புதுமொட்டையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊர்மேல் வந்தது, அண்ணன்மேல் வந்தது, இவர்மேலும் வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் எனக்கு அழுகை வந்தது. தட்டை இழுக்கப் போனேன், அவர் விடவில்லை.

"இன்னொரு துண்டு வையி" என்றார்.

"வேண்டாங்க. எந்திரிங்க. ரசம் இருக்குது, ஊத்தறேன்."

"வையி. ஊருக்கே குடுத்தேன்ல, நான் திங்க வேண்டாமா?"

வைத்தேன். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, அவசரப்படாமல், சட்டியில் இருந்த அத்தனை மீனையும் அவர் தின்று முடித்தார்.